ஹிட் 4, ரன் 19: கல்லூரி சாஃப்ட்பால் அவுட்ஃபீல்டரின் பதிவேட்டை எப்படிப் படிப்பது?

எழுத்தாணி (கேள்வி)

அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் (பேஸ்பால் மாதிரி, சின்னக் களத்து ஆட்டம்) நான்கு ஆண்டு ஆடி முடித்த ஓர் அவுட்ஃபீல்டரைப் (வெளிக்களக் காவல்காரர்) பற்றித் தமிழில் வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறேன். பெயர் இங்கே வேண்டாம். பல்கலைக்கழகம் வைத்திருக்கும் பக்கத்தில் எண்களும் சுருக்கெழுத்துகளும்தான் இருக்கின்றன. இரண்டு ஆண்டுக் கணக்கை மட்டும் கீழே தருகிறேன்.

முதலாம் ஆண்டு: ஆடியது 48, தொடக்க அணியில் 9. அட்-பேட் (கணக்கில் சேரும் பேட்டிங் முறை) 12, ஹிட் (அடித்துத் தளம் சேர்ந்தது) 4, ரன் (தளங்களைச் சுற்றி முடித்தது) 19. ஸ்டீல் (தளத் திருட்டு: வெற்றி–முயற்சி) 14–15. ஃபீல்டிங் 1.000.

மூன்றாம் ஆண்டு: ஆடியது 56, தொடக்க அணியில் 55. பேட்டிங் (ஆவரேஜ் / ஆன்-பேஸ் / ஸ்லக்கிங்) .350 / .460 / .563. ஸ்டீல் 31–34. ஃபீல்டிங் .976. இடம்: முன்பு இடது, இப்போது நடு.

குழப்பம் இதுதான். 4 ஹிட் அடித்தவர் 19 ரன் எப்படி எடுத்தார்? அச்சுப்பிழையா? 9 ஆட்டம் தொடக்கத்திலிருந்து ஆடியும் 12 தடவைதான் பேட் செய்தாரா? 1.000 இருந்த ஃபீல்டிங் .976 ஆனது சரிவுதானே, அதை மறைக்காமல் எழுத வேண்டாமா? விருதுப் பட்டியலில் ‘ஆல்-ரீஜன் இரண்டாம் அணி’, ‘என்.எஃப்.சி.ஏ. ஆல்-அமெரிக்கா ஸ்காலர்-அத்லெட்’, ‘ஆண்டின் சிறந்த வீராங்கனை விருது வாட்ச் லிஸ்ட்’ என்று மூன்று இருக்கின்றன. இவற்றில் எதை முதல் பத்தியில் வைப்பது?

---

ஸ்கோர்புக் ராணி

அச்சுப்பிழை இல்லை. அந்த முதலாம் ஆண்டு வரி என்ன நடந்தது என்று தெளிவாகவே சொல்கிறது. அவர் பிஞ்ச் ரன்னர்.

பந்தைப் பிடிக்கும் கேட்சரோ எறியும் பிட்சரோ மெதுவாக ஓடுபவராக இருந்து, வாக் (நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் முதல் தளம்) வாங்கியோ ஹிட் அடித்தோ தளத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். பயிற்சியாளர் வேகமான முதலாண்டு மாணவியை அவருக்குப் பதிலாக இறக்குவார். அந்தப் பெண் இரண்டாம் தளத்தைத் திருடி, அடுத்த ஹிட்டில் வீடு (பேட்டர் நிற்கும் தட்டு) வந்து சேர்ந்தால், ரன் ஓடி வந்தவர் கணக்கில். ஹிட் முதலில் அடித்தவர் கணக்கில். தொடக்க அணியில் இருந்தவர் ஒருமுறை வெளியே போய்த் திரும்பி வரலாம் என்ற விதி சாஃப்ட்பாலில் உண்டு. அதனால் அடுத்த இன்னிங்ஸில் கேட்சர் மறுபடி கவசத்தை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார், அணிக்கு நஷ்டமே இல்லை. இப்படி வருவதும் ஓர் ஆட்டமாக எண்ணப்படும். 48-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கும் 39 ஆட்டங்களில் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும். மீதி கடைசி இன்னிங்ஸ்களில் காவலுக்கு இறங்கியது.

15 முயற்சியில் 14 ஸ்டீல் என்பதை லேசாக விடாதீர்கள். பேஸ்பால் மாதிரி முன்கூட்டியே தளத்தை விட்டு நாலடி தள்ளி நிற்க இங்கே அனுமதி இல்லை. பந்து பிட்சரின் கையை விட்ட பிறகுதான் கால் தளத்தைவிட்டு எழலாம். முந்தினால் ரன்னர் அவுட். தளத்துக்குத் தளம் 60 அடி. ‘இந்தப் பெண் ஓடத்தான் வந்திருக்கிறாள்’ என்று மைதானம் முழுக்கத் தெரிந்திருக்கும்போது 14 முறை திருடியிருக்கிறார்.

9 தொடக்கம், 12 அட்-பேட் என்பதற்கு ஃப்ளெக்ஸ் காரணமாக இருக்கலாம். டி.பி. என்பவர் இன்னொருவருக்காக பேட் மட்டும் செய்பவர், அந்த இன்னொருவர் ஃப்ளெக்ஸ். பட்டியலில் பத்தாவது பெயர். அவர் காவல் மட்டும் செய்வார். பெரும்பாலும் பிட்சர்தான் ஃப்ளெக்ஸ். பிட்சரே நல்ல பேட்டர் என்றால் அந்த இடத்தில் ஓர் அவுட்ஃபீல்டரைப் போடுவதும் உண்டு. அந்த 9 ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோரைத் (ஒவ்வோர் ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாள்) திறந்து பாருங்கள், பெயர் பத்தாவதாக இருந்தால் உறுதி. வாக், தியாக பன்ட் (ரன்னரை நகர்த்த மெதுவாகத் தட்டி அவுட் ஆவது) எல்லாம் அட்-பேட்டில் சேராது என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

ராணி அக்கா ஓட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் சதவீதத்துக்கு வருகிறேன். .976 சரிவு இல்லை. அப்படி எழுதினால் தப்பாகிவிடும்.

ஃபீல்டிங் சதவீதம் = (புட்-அவுட் + அசிஸ்ட்) ÷ (புட்-அவுட் + அசிஸ்ட் + எரர்). பக்கத்தில் புட்-அவுட் (தானே அவுட் ஆக்கியது), அசிஸ்ட் (எறிந்து அவுட்டுக்கு உதவியது), எரர் (தவறு) மூன்றும் தனித்தனியாக இருக்கும். மூன்றாம் ஆண்டில் 78, 5, 2 என்று இருந்தால் 83 ÷ 85 = .976 வரும். முதலாம் ஆண்டில் மொத்தமே 11 வாய்ப்பு வந்திருக்கலாம், பதினொன்றையும் பிடித்தால் 1.000. பதினொன்றில் ஒன்றே ஒன்று நழுவியிருந்தால் .909. அவ்வளவு ஏறி இறங்கும் எண்ணை வைத்துத் திறமையை எடை போடக் கூடாது. சதவீதத்தை எழுதினால் பக்கத்தில் மொத்த வாய்ப்பையும் எழுதுங்கள்.

இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. சாதாரண முயற்சியில் பிடித்திருக்க வேண்டிய பந்தை விட்டால்தான் ஸ்கோரர் எரர் போடுவார். எட்டவே முடியாமல் பந்து எதிரே விழுந்தால் அது பேட்டரின் ஹிட். அதாவது மெதுவாக ஓடுபவரின் பதிவேடு சுத்தமாக இருக்கும். பாய்ந்து போய் கையுறையில் பட்டு நழுவவிடுபவருக்குத்தான் எரர் விழ வாய்ப்பு அதிகம். இடதிலிருந்து நடுவுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பதே பயிற்சியாளர்கள் அவர் காலை எவ்வளவு நம்பினார்கள் என்பதற்குச் சாட்சி. என்னைக் கேட்டால் முதல் பத்தியில் அந்த மாற்றம் வர வேண்டும், சதவீதம் வேண்டாம்.

பேட்டிங் மூன்று எண்ணையும் பார்த்துவிடுவோம். 200 தடவை தட்டுக்கு வந்தவர் என்று ஒரு மாதிரிக் கணக்கு. 160 அட்-பேட், 30 வாக், 5 முறை உடம்பில் பந்து, 3 தியாக ஃப்ளை (உயர அடித்து அவுட் ஆகி ரன்னரை வீடு சேர்ப்பது), 2 தியாக பன்ட். ஹிட் 56: ஒற்றை 38, இரட்டை 9, மூன்று 2, ஹோம் ரன் 7.

ஆவரேஜ்: 56 ÷ 160 = .350.
ஆன்-பேஸ்: (56 + 30 + 5) ÷ (160 + 30 + 5 + 3) = 91 ÷ 198 = .460. தியாக பன்ட் வகுக்கும் எண்ணில் சேராது, பலர் அதைச் சேர்த்துக் கெடுப்பார்கள்.
ஸ்லக்கிங்: மொத்தத் தளம் 38 + 18 + 6 + 28 = 90. 90 ÷ 160 = .563.

முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் 110 புள்ளி இடைவெளி. பொறுமையாகப் பந்தைப் பார்த்து வாக் வாங்குபவர். மூன்றாவதற்கும் முதலாவதற்கும் 213 புள்ளி இடைவெளி, வேலியைத் தொடும் வலுவும் இருக்கிறது. தமிழில் எழுதும்போது ‘35 சதவீதம்’ என்று மாற்றாமல் .350 என்றே விடுங்கள். கிரிக்கெட் சராசரியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, ‘பத்து அட்-பேட்டுக்கு மூன்றரை ஹிட்’ என்று ஒரு இடத்தில் மட்டும் விளக்கினால் போதும்.

---

நடுக்களம்

கணக்குப்பிள்ளை சார் சொன்னதில் ஒரே ஒரு சேர்க்கை. அசிஸ்ட் 5 என்பதை அவர் கூட்டலுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டுத் தாண்டிப் போய்விட்டார். அவுட்ஃபீல்டருக்கு அசிஸ்ட் என்றால் எறிந்து ஒரு ரன்னரை வீழ்த்தியது. கட்டுரைக்கு அதுதான் உயிர்.

சாஃப்ட்பாலில் களம் சின்னது. வேலி ஓரங்களில் 200 அடி, நடுவில் 220 அடி என்பது வழக்கமான அளவு. ஒக்லஹோமா சிட்டியின் டெவன் பார்க்கும் அப்படித்தான். பிட்சர் 43 அடியில் நிற்கிறார். இந்தச் சின்னக் களத்தில்தான் பேஸ்பாலில் அரிதாகப் பார்க்கும் ஒன்று நடக்கும்: வலது அவுட்ஃபீல்டர் தரைப் பந்தை எடுத்து முதல் தளத்துக்கு எறிந்து பேட்டரையே அவுட் ஆக்குவது. ஸ்கோர் புத்தகத்தில் 9–3 என்று விழும் (இடது 7, நடு 8, வலது 9, முதல் தளம் 3).

நேரத்தைப் பாருங்கள், எல்லாம் தோராயம்தான். ஆழம் குறைத்து 120 அடியில் நிற்கிறார். கடுமையாக அடித்த தரைப் பந்து ஒன்றரை வினாடியில் வந்துவிடும். எடுத்துக் கையை விட்டு எறிய 0.8 வினாடி. முதல் தளம்வரை 70 அடி, மணிக்கு 60 மைல் வேகத்தில் எறிந்தால் இன்னொரு 0.8. கூட்டினால் 3.1. 3.2 வினாடியில் ஓடும் பேட்டர் அவுட், 2.8-இல் ஓடும் ஸ்லாப்பர் (இடது பக்கம் நின்று ஓடிக்கொண்டே தட்டுபவர்) சேஃப். அதனால்தான் யார் தட்டில் நிற்கிறார் என்று பார்த்து ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று எட்டு நகர்கிறார்கள். பந்தை இரண்டாவது முறை தட்டிப் பிடித்தாலே ஆட்டம் போச்சு.

எரர் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். அவுட்ஃபீல்டில் மோசமானது பிடி நழுவுவதுகூட இல்லை. வேகமாக முன்னோக்கி வந்து தரைப் பந்தைக் குனிந்து எடுக்கப்போய், அது கையுறைக்கு அடியில் நழுவி வேலிக்குப் போவதுதான். ஒற்றை ஹிட் ஒன்று மூன்று தளமாகிவிடும், பின்னால் யாரும் இல்லை. ஆட்டம் கடைசி இன்னிங்ஸில் சமநிலையில், ரன்னர் இரண்டாம் தளத்தில் என்றால் மட்டும்தான் அந்த ஆபத்தை எடுக்கலாம். முன்னணியில் இருக்கும்போது ஒரு முழங்காலைத் தரையில் வைத்துத் தடுத்து, கட்-ஆஃபுக்கு (எறிபந்தை நடுவில் வாங்கும் உள்களக்காரர்) மார்பளவில் எறிவதே சரி.

நடுவில் ஆடுபவருக்கு இன்னொரு சுமை: முன்னுரிமைக் குரல். இரண்டு பேர் நடுவில் விழும் பந்துக்கு நடுக்காரர் கூப்பிட்டால் மற்றவர் விலகிப் பின்னால் போய் நிற்க வேண்டும். இடதில் ஆடுபவருக்கு வேறு கஷ்டம். வலது கை பேட்டர் இழுத்து அடித்ததும், இடது கை ஸ்லாப்பர் தாமதமாகத் தட்டியதும் ஓரக் கோட்டை நோக்கி வளையும். நேராக ஓடினால் பந்து ஓரமாய்த் தப்பிவிடும், வளைவைக் கணித்து முன்கூட்டியே கோட்டுப் பக்கம் போக வேண்டும்.

---

ஏழாம் இன்னிங்ஸ்

நடுக்களம், அசிஸ்டைக் கொண்டாடுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. முதல் ஆண்டு பத்து பேரை எறிந்து வீழ்த்தினால், மூன்றாம் ஆண்டில் மூன்றாம் தளப் பயிற்சியாளர் கையை விரித்து ரன்னரை நிறுத்திவிடுவார். அசிஸ்ட் குறைந்தால் கை தளர்ந்தது என்று அர்த்தம் இல்லை, பேர் வாங்கிவிட்டார் என்றும் இருக்கலாம். ஆண்டுவாரியாகப் போட்டுவிட்டு விளக்கம் சொல்லாமல் விடுவது உத்தமம்.

ஸ்லாப்பர் பற்றி ஒரு வரி. இடது பக்கம் நின்று ஓடிக்கொண்டே தட்டுபவர்களின் பதிவேடு .390 / .430 / .420 மாதிரி இருக்கும். ஸ்லக்கிங் ஆவரேஜை ஒட்டியே நிற்கும். அது பலவீனம் இல்லை, வேலையே அதுதான். பந்தைத் தொடும் நேரத்தில் பாதம் முழுக்க பேட்டர் நிற்கும் பெட்டிக்கு வெளியே தரையில் பட்டால் பேட்டர் அவுட், அங்கேதான் புதியவர்கள் மாட்டுவார்கள். உங்கள் ஆள் .563 என்பதால் சுத்த ஸ்லாப்பர் இல்லை.

இப்போது விருதுகள். உங்கள் மூன்றில் ஒன்றுதான் களத்தில் ஆடியதற்குக் கிடைத்த விருது.

‘ஆல்-ரீஜன் இரண்டாம் அணி’: பயிற்சியாளர்கள் சங்கமான என்.எஃப்.சி.ஏ. மண்டலவாரியாகத் தேர்ந்தெடுப்பது. நிஜமான பெருமை. இதற்கு மேலே நாடளாவிய ஆல்-அமெரிக்கன், அதில் முதல், இரண்டாம், மூன்றாம் அணி என்று உண்டு.

‘ஆல்-அமெரிக்கா ஸ்காலர்-அத்லெட்’: இதில்தான் எல்லோரும் விழுவது. அந்தக் கல்வியாண்டில் (4-க்கு) 3.5 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் சராசரி வைத்திருந்தால் பயிற்சியாளர் பரிந்துரையில் கிடைப்பது. படிப்புக்கான கௌரவம், மரியாதைதான். ஆனால் இதைப் பார்த்து ‘ஆல்-அமெரிக்கன் வீராங்கனை’ என்று எழுதினால் முழுப் பொய்யாகிவிடும். ‘அகாடமிக் ஆல்-அமெரிக்கா’ என்பது இன்னொன்று, வேறு அமைப்பு தருவது, படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பது. மூன்றையும் கலக்காதீர்கள்.

‘வாட்ச் லிஸ்ட்’: சீசன் தொடங்கும் முன்பே போடும் ‘கவனிக்க வேண்டியவர்கள்’ பட்டியல். யு.எஸ்.ஏ. சாஃப்ட்பால் தரும் ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை விருதுக்கானது என்றால், அதிலிருந்து படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் மூன்று பேருக்கு வருவார்கள். எந்தப் படி வரை போனார் என்று பாருங்கள். முதல் பட்டியலோடு நின்றிருந்தால் ஒரு வாக்கியம் போதும்.

எந்தப் பிரிவு என்பதையும் மறக்காதீர்கள். என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு) முதல், இரண்டாம், மூன்றாம் பிரிவு, என்.ஏ.ஐ.ஏ. (அதுபோல இன்னோர் அமைப்பு), இரண்டாண்டு ஜூனியர் கல்லூரி எல்லாவற்றிலும் தனித்தனி ஆல்-அமெரிக்கன் உண்டு. பிரிவைச் சொல்லாத ஆல்-அமெரிக்கன் அரை உண்மை.

---

எழுத்தாணி

எல்லோருக்கும் நன்றி. பாக்ஸ் ஸ்கோர் பார்த்தேன். ராணி அக்கா சொன்னபடியே, ஒன்பதில் ஏழு ஆட்டத்தில் பெயர் பத்தாவதாக இருக்கிறது! இன்னும் இரண்டு சந்தேகம். அவருடைய மொத்த ஸ்டீல் எண்ணிக்கை பல்கலைக்கழகச் சாதனைப் பட்டியலில் இரண்டாம் இடம் என்று இருக்கிறது. முதலிடத்தில் இருப்பவர் ஐந்து சீசன் ஆடியிருக்கிறார், அது எப்படி? அணி என்.சி.ஏ.ஏ. போட்டிக்கு மூன்று முறை போனதாம். ‘மூன்று முறை உலகத் தொடரில் ஆடியவர்’ என்று எழுதலாமா?

---

கணக்குப்பிள்ளை

தம்பி, ஐந்து சீசனுக்குக் காரணம் பெரும்பாலும் கோவிட். 2020 சீசன் மார்ச் 12-ஆம் தேதியோடு நின்றுபோனது, அந்த ஆண்டு உலகத் தொடரே நடக்கவில்லை. அந்தப் பருவத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு என்.சி.ஏ.ஏ. ஒரு சீசன் கூடுதலாகக் கொடுத்தது. ஒக்லஹோமாவின் ஜோசலின் ஆலோ இதற்கு நல்ல உதாரணம். முதல் பிரிவில் அவருடைய 122 ஹோம் ரன்கள் இப்படி வந்தவை: 2018-இல் 30, 2019-இல் 16, பாதியில் நின்ற 2020-இல் 8, 2021-இல் 34, 2022-இல் 34. முந்தைய சாதனை லாரன் சேம்பர்லெய்னின் 95, நான்கு சீசனில். 2022-ஐ மட்டும் கழித்தால் ஆலோவுக்கு 88. அதற்காக ஆலோவைக் குறைத்துச் சொல்லவில்லை, பாதி சீசன் பறிபோனதும் அவருக்குத்தான். எண்ணிக்கையோடு சீசனையும் ஆட்டங்களையும் பக்கத்தில் போடுங்கள் என்கிறேன். ஆலோ பெரும்பாலும் டி.பி.யாக ஆடியவர், அவரை அவுட்ஃபீல்டர் என்று ஒப்பிட்டு எழுதிவிடாதீர்கள்.

ஐந்தாவது சீசனுக்கு இன்னொரு வழி மருத்துவ ரெட்ஷர்ட். சீசனின் முதல் பாதியிலேயே காயம், ஆடியது 30 சதவீத ஆட்டத்துக்கு மேல் இல்லை என்றால் அந்த ஆண்டைத் திரும்பக் கேட்கலாம். பதிவேட்டில் ஒரு வருடம் 11 ஆட்டத்தோடு நின்றிருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

---

ஸ்கோர்புக் ராணி

உலகத் தொடர் என்று எழுதாதீங்க, கண்டிப்பா வேண்டாம். என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுப் போட்டிக்கு 64 அணி போகும். 16 இடங்களில் ரீஜனல், நாலு நாலு அணி. ஜெயித்த 16 அணிகள் சூப்பர் ரீஜனல், இரண்டு அணிக்குள் மூன்றில் இரண்டு. அதில் ஜெயித்த 8 அணிதான் ஒக்லஹோமா சிட்டிக்குப் போய் மகளிர் கல்லூரி உலகத் தொடர் ஆடும். இறுதியும் மூன்றில் இரண்டு. ‘என்.சி.ஏ.ஏ. போட்டி மூன்று முறை’ என்றால் மூன்றும் ரீஜனலோடு முடிந்திருக்கலாம். ஆண்டுவாரியாக எந்தச் சுற்று வரை என்று பார்த்து எழுதுங்க.

---

நடுக்களம்

ஒப்பிட ஆள் வேண்டும் என்றால் நடு அவுட்ஃபீல்டர்களையே எடுங்கள். ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டின் லாரா பெர்க் 1998-இல் கல்லூரிச் சாம்பியன். ஒலிம்பிக்கில் 1996, 2000, 2004 தங்கம், 2008 வெள்ளி. அரிசோனாவின் கெய்ட்லின் லோ 2006, 2007 சாம்பியன், நான்கு முறை ஆல்-அமெரிக்கன், 2008 வெள்ளி, இப்போது அதே அரிசோனாவின் தலைமைப் பயிற்சியாளர். ஒக்லஹோமாவின் ஜெய்டா கோல்மன் 2021 முதல் 2024 வரை நான்கு பட்டம், 2024-இல் ஃப்ளோரிடாவுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்த ஹோம் ரன். இவர்கள் உச்சம். உங்கள் ஆளை இவர்களோடு நிறுத்த வேண்டாம், அவருடைய மாநாட்டில் (கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும் லீக்) அதே ஆண்டு ஆடிய நடு அவுட்ஃபீல்டர்களோடு வையுங்கள்.

எல்.எஸ்.யு.வின் (லூசியானா ஸ்டேட்) ஏ.ஜே. ஆண்ட்ரூஸ் 2016-இல் ராலிங்ஸ் கோல்ட் க்ளவ் (சிறந்த காவலுக்கான விருது) வாங்கிய முதல் பெண், அவரும் அவுட்ஃபீல்டர்தான். அது தொழில்முறை லீகில் ஆடியபோது கிடைத்தது, கல்லூரிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். உங்கள் ஆள் கல்லூரிக்குப் பிறகு எங்காவது ஆடியிருந்தாலும் அதேதான், தனித் தலைப்பு, தனி எண்.

---

எழுத்தாணி

பார்த்துவிட்டேன். இரண்டு முறை ரீஜனல், ஒருமுறை சூப்பர் ரீஜனல். அப்படியே எழுதுகிறேன். முதல் பத்தி இப்போது இது: ‘முதலாம் ஆண்டில் பெரும்பாலும் பிஞ்ச் ரன்னராக இறங்கி 4 ஹிட்டுக்கு 19 ரன் ஓடியவர், மூன்றாம் ஆண்டில் நடு அவுட்ஃபீல்டராக 55 ஆட்டங்களில் தொடக்க அணியில் இருந்தார்.’

---

ஏழாம் இன்னிங்ஸ்

14–15 ஸ்டீலையும் அதே வாக்கியத்தில் நுழைத்துவிடுங்கள்.